முதல் முறையாக மருத்துவமனையில் துணை இருக்கிறீர்களா? தவறு நேராமல் நோயாளியைக் காக்கும் வழிகள்

இரவு ஒன்பதரை மணி இருக்கும். மருந்துத் தட்டுடன் வந்த செவிலியர், அப்பாவின் கையில் மருந்து ஏற்றுவதற்காகச் செருகியிருந்த வென்ஃப்ளான் குழாயின் மூடியைத் திறந்து ஊசி மருந்தைச் செலுத்தத் தயாரானார். “சிஸ்டர், இது எதுக்கான ஊசி?” என்று கேட்டேன். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, தூக்கம் வராமல் பேச்சுத் துணைக்குக் கேட்ட கேள்விதான். அவர் தட்டிலிருந்த சீட்டைப் பார்த்தார், படுக்கை எண்ணைப் பார்த்தார், பிறகு அப்பாவின் பெயரைக் கேட்டார். அன்று மாலைதான் அப்பாவைப் பன்னிரண்டாம் படுக்கையிலிருந்து ஜன்னலோரம் இருந்த பதினான்காம் படுக்கைக்கு மாற்றியிருந்தார்கள். அந்த ஊசி, மதியம் வரை பதினான்கில் இருந்தவருக்காக எழுதப்பட்டது. எட்டு மணிக்குப் பணிக்கு வந்த செவிலியரிடம் படுக்கை மாறியதை யாரும் சொல்லவில்லை. அவர் அக்கறையானவர் என்பதை அடுத்த ஒன்பது நாட்களும் பார்த்தேன்.

மருத்துவமனைக்குள் தவறு நுழையும் வழி பெரும்பாலும் இதுதான். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு நோயாளி மாறும்போது, தகவல் பின்தங்கிவிடுகிறது. மருத்துவர் மாறுகிறார், செவிலியர் மாறுகிறார், வார்டு மாறுகிறது, மருந்தின் பிராண்டு மாறுகிறது. இத்தனை மாற்றங்களுக்கு நடுவே மாறாமல் இருப்பவர்கள் இரண்டே பேர்: நோயாளி, அவருக்குத் துணை இருப்பவர். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பில், சிகிச்சை பெறுவோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அந்தச் சிகிச்சையின்போதே ஏதேனும் தீங்கு நேர்கிறது. அதில் பாதி அளவாவது தவிர்த்திருக்கக் கூடியது என்றும் அந்நிறுவனம் சொல்கிறது. முதல் முறையாக அட்டெண்டர் பாஸ் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறவர் செய்யக் கூடியவற்றை, நோயாளியைச் சேர்ப்பதிலிருந்து வீடு திரும்புவது வரை வரிசையாகச் சொல்கிறேன்.

சேர்ப்பதற்கு முன்: ஒரு நோட்டு, ஒரு பை

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பேசியிலேயே குறித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் நீங்கள் குளிக்கவோ சாப்பிடவோ போகும்போது கைப்பேசி உங்களோடு வந்துவிடும், நோட்டு நோயாளியின் தலைமாட்டிலேயே இருக்கும். முதல் பக்கத்தில் நோயாளியின் முழுப் பெயர், பிறந்த தேதி, எடை, ரத்த வகை, இதுவரை நடந்த அறுவை சிகிச்சைகள், உடலுக்குள் இருக்கும் ஸ்டென்ட், பேஸ்மேக்கர், உலோகத் தகடு போன்றவை ஆகியவற்றை எழுதுங்கள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதைச் சிவப்பு மையில், அது என்ன செய்தது என்பதோடு சேர்த்து எழுதுங்கள். ‘பென்சிலின் ஆகாது’ என்பதைவிட ‘பென்சிலின் போட்டதும் உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறியது’ என்பது மருத்துவருக்குப் பல மடங்கு பயன்படும்.

அடுத்து, வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அவசரப் பிரிவில் “என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்ற கேள்விக்கு நம் வீடுகளில் கிடைக்கும் வழக்கமான பதில் “ஒரு சுகர் மாத்திரை, ஒரு பிரஷர் மாத்திரை, அப்புறம் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை” என்பதுதான். அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை ரத்தத்தை இளக வைக்கும் மருந்தாக இருந்தால், அறுவை சிகிச்சையின் போக்கே மாறக் கூடும். ஒவ்வொன்றும் எதற்கு, எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பதை நோட்டில் எழுதுங்கள்.

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடி, சூரணம், லேகியம், மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த மாத்திரை ஆகியவற்றையும் மறைக்காதீர்கள். டாக்டர் திட்டுவார் என்று பயந்து மறைப்பவர்களே அதிகம். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், தெரியாமல் அதோடு மோதும் மருந்தை அவர் எழுதிவிட்டால் அதை வாங்கிக்கொள்வது நோயாளியின் சிறுநீரகமாக இருக்கும்.

மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் போன்றவற்றுக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அது வாரம் ஒரு முறை, குறிப்பிட்ட கிழமையில் மட்டும் சாப்பிட வேண்டியது. தினமும் ஒன்று என்று யாராவது படியெடுத்துவிட்டால் எலும்பு மஜ்ஜையைப் பாதித்து உயிருக்கே ஆபத்தாகும். நோட்டில் ‘வாரம் ஒரு முறை, புதன்கிழமை’ என்பதுபோல் கிழமையோடு எழுதுங்கள், வாயாலும் சொல்லுங்கள்.

பெயர்தான் அடையாளம், படுக்கை எண் அல்ல

நம் ஊர்ப் பெயர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் சிக்கலானவை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல் சிலருக்கு முன்னே, சிலருக்குப் பின்னே. ஆதாரில் அப்பா பெயர் விரிந்திருக்கும், காப்பீட்டு அட்டையில் சுருங்கியிருக்கும். ஒரே வார்டில் மூன்று செல்வராஜும் இரண்டு லட்சுமியும் இருப்பது சாதாரணம். எனவே கையில் கட்டும் அடையாளப் பட்டையில் பெயர், இனிஷியல், வயது, ஐ.பி. எண் (உள்நோயாளி எண்) ஆகிய நான்கும் சரியாக இருக்கின்றனவா என்று சேர்த்த அன்றே பாருங்கள். பட்டை நனைந்து எழுத்து அழிந்தால் புதிதாகக் கேட்டு வாங்குங்கள்.

“நீங்கதானே முருகேசன்?” என்று கேட்டால், காது மந்தமான பெரியவர் எதற்கும் “ஆமா” என்றே தலையாட்டுவார். பக்கத்து அறைக்காரரின் ஸ்கேனுக்கும் அதே தலையாட்டல்தான் கிடைக்கும். ஆகவே ரத்தம் எடுக்க, ஊசி போட, ஸ்ட்ரெச்சரில் அழைத்துச் செல்ல என்று யார் வந்தாலும், அவர் கேட்கும்வரை காத்திராமல், “எஸ். முருகேசன், ஐ.பி. எண் இது, நெஞ்சு எக்ஸ்ரேவுக்குத்தானே?” என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். ரத்தம் எடுத்த குழாயில் பெயர்ச் சீட்டை உங்கள் கண்முன்னேயே ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டாத நான்கு குழாய்கள் ஒரே தட்டில் போனால், எது யாருடையது என்பது ஞாபகத்தை நம்பிய விஷயமாகிவிடும்.

மருந்து: ஒவ்வொரு வேளையும் ஒரே கேள்வி

துணை இருப்பவருக்கு மிகுதியான வேலை இங்கேதான். ஒவ்வொரு முறை மருந்து வரும்போதும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “சிஸ்டர், இது என்ன மருந்து, எதுக்கு?” பதிலை நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். நேற்று வராத புதிய நிற மாத்திரை வந்தாலும், நேற்று வந்தது இன்று வராவிட்டாலும் கேளுங்கள். பத்தில் ஒன்பது முறை சரியான காரணம் இருக்கும். பத்தாவது முறைக்காகத்தான் இந்த நோட்டு.

மருந்துகளின் பெயர்கள் உச்சரிப்பில் ஒன்றுபோலவே இருக்கும். மெட்ஃபார்மின் சர்க்கரைக்கு, மெட்ரோனிடசோல் வயிற்றுக் கிருமித் தொற்றுக்கு. ஹைட்ரலசின் ரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு. தொலைபேசியில் சொல்லும்போதும், கிறுக்கலாக எழுதும்போதும் ஒன்று இன்னொன்றாகிவிடும். இதனால்தான் மருந்தின் மூலப்பெயரை, அதாவது உள்ளிருக்கும் மருந்துப் பொருளின் பெயரை, தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று மருத்துவ நெறிமுறை விதிகளில் 2016-ஆம் ஆண்டு திருத்தம் வந்தது. மருந்தகத்தில் வாங்கியவுடன், அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் பிராண்டு பெயரை விட்டுவிட்டு, அதற்குக் கீழே சிறிதாக இருக்கும் மூலப்பெயரையும் மில்லிகிராமையும் சீட்டோடு ஒப்பிடுங்கள். “அந்தக் கம்பெனி இல்லை, இது அதேதான்” என்று மருந்தகத்தில் மாற்றிக் கொடுத்தால் அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். இருந்தாலும் செவிலியரிடம் காட்டி உறுதி செய்துகொண்ட பிறகே கொடுங்கள்.

இன்சுலினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் நாட்டில் இன்சுலின் குப்பி இரண்டு செறிவுகளில் கிடைக்கிறது: ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி ஊசிக்குழல்கள். 40-க்கு உரியது சிவப்பு மூடி போட்டது, 100-க்கு உரியது ஆரஞ்சு மூடி போட்டது. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடிக் குழலில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 யூனிட் அல்ல, 50 யூனிட். அந்த அளவு, ஒருவரை நினைவிழக்கச் செய்யப் போதும். குப்பியில் உள்ள எண்ணையும் குழலில் உள்ள எண்ணையும் அருகருகே வைத்துப் பார்ப்பதற்கு மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை. எழுதும்போது யூனிட் என்ற சொல்லை ஆங்கிலத்தின் ஒற்றை எழுத்தாகச் சுருக்கினால் அது பூஜ்யம்போலத் தெரிந்து 6 என்பது 60 ஆகும் ஆபத்தும் உண்டு. உங்கள் நோட்டில் ‘6 யூனிட்’ என்று முழுதாகவே எழுதுங்கள்.

இன்சுலின் போடும் முன் சாப்பாடு வந்துவிட்டதா என்றும் பாருங்கள். கேன்டீன் சாப்பாடு தாமதமாகும் நாளில், ஊசி மட்டும் நேரத்துக்குப் போடப்பட்டுவிட்டால், சர்க்கரை இறங்கி நோயாளிக்கு வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். அவர் தூங்குகிறார் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. உடனே செவிலியரை அழைத்துச் சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்பினால் நாமே செய்யும் தவறுகள்

இந்தப் பகுதியை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் இதில் பாதி நானே செய்தவை. ட்ரிப்ஸ் சீக்கிரம் முடிந்தால் அம்மா எழுந்து உட்காருவார் என்று குழாயிலுள்ள சின்னச் சக்கரத்தைத் தளர்த்தி விடுபவர்கள் எல்லா வார்டிலும் உண்டு. இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவருக்கு அந்த வேகத்தில் இறங்கும் நீர் நுரையீரலில் போய்ச் சேரும். சக்கரத்தைத் தொடாதீர்கள், பாட்டில் தீரப்போகும்போது சொல்லுவதோடு உங்கள் வேலை முடிந்தது. ஆக்சிஜன் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அப்படியே.

நோயாளியைப் பார்க்க வரும் உறவினர் இளநீரோடு வருவார். உடல் சூட்டைத் தணிக்கும் என்ற நம்பிக்கை நமக்கு ஊறிப்போனது. ஆனால் இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் பழுதானவருக்கு அது இதயத் துடிப்பையே குலைத்துவிடும். பக்கவாதம் வந்தவருக்கு, விழுங்கும் திறனை மருத்துவர் சோதித்துப் பார்க்கும் முன் ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாலும் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கக் கூடும். அறுவை சிகிச்சைக்கு முன் “பாவம், பசிக்குமே” என்று கொடுக்கும் அரை டம்ளர் காபியும் இதே வகைதான்: மயக்க மருந்தின்போது வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். பொதுவாகத் திட உணவுக்கு ஆறு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் என்பது வழக்கம் என்றாலும், உங்கள் நோயாளிக்கு மயக்க மருந்து நிபுணர் சொன்ன நேரமே கணக்கு. தெரியாமல் கொடுத்துவிட்டால், திட்டு விழும் என்று மறைக்காமல் உடனே சொல்லிவிடுங்கள். அறுவை சிகிச்சை தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரையை வார்டில் நீங்களாகக் கொடுக்கவும் கூடாது. அதே மருந்து வேறு பெயரில் ஏற்கெனவே செவிலியரின் தட்டில் வந்துகொண்டிருக்கலாம்.

கையும் குழாயும்

மருத்துவமனையில் பரவும் தொற்றைத் தடுக்கும் எளிய வழி கை கழுவுதல், எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெரிய மருத்துவரிடம் போய் “கை கழுவினீங்களா சார்?” என்று கேட்க நமக்கு நாக்கு எழாது என்பதும் தெரிந்ததுதான். நான் கண்டுபிடித்த வழி வேறு. படுக்கையின் கால்மாட்டில் சானிடைசர் பாட்டிலை வையுங்கள். மருத்துவர் அருகில் வந்ததும் நீங்கள் முதலில் உங்கள் கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டு, பாட்டிலை அவர் பக்கம் நீட்டுங்கள். இதுவரை யாரும் மறுத்ததில்லை. சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி தேய்க்க வேண்டும். கையுறை போட்டிருக்கிறார்களே என்று விட்டுவிடாதீர்கள். முந்தைய படுக்கையில் போட்ட கையுறையாகவும் இருக்கலாம்.

உடலுக்குள் போகும் ஒவ்வொரு குழாயும் கிருமிக்குத் திறந்த வாசல். வென்ஃப்ளான் போட்ட இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, தொட்டால் வலித்தாலோ உடனே காட்டுங்கள். சிறுநீர்க் குழாயின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையையும் தொடக் கூடாது. ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது அந்தப் பையை நோயாளியின் வயிற்றின்மேல் வைப்பதை அடிக்கடி பார்க்கலாம். பையில் உள்ளது திரும்ப உள்ளே போகும். தினமும் காலையில் “இந்தக் குழாய் இன்னைக்கும் தேவையா டாக்டர்?” என்று கேட்பது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல, பல நேரம் எடுக்க மறந்துபோன குழாய் அந்தக் கேள்வியால்தான் வெளியே வரும்.

அறுவை சிகிச்சைக்கு முன்

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது பெரும்பாலும் அவசரத்தில், ஸ்ட்ரெச்சர் வாசலில் நிற்கும்போது நடக்கும். முந்தின நாளே படிவத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். காலியான இடங்கள் நிரப்பப்படாத படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். தமிழில் விளக்கச் சொல்லுங்கள்: என்ன செய்யப் போகிறார்கள், ஏன், வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும், என்னென்ன சிக்கல் வரக்கூடும். பரிசோதனைக்காகக் கொடுத்த ஒப்புதலை வைத்து, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, அறுவை சிகிச்சை செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008-ஆம் ஆண்டு தீர்ப்பளித்திருக்கிறது. நோயாளி தெளிவாக இருக்கும்போது ஒப்புதல் அவருடையதுதான். மகனோ கணவரோ போட்டால் போதும் என்பது நம் பழக்கமே தவிரச் சட்டம் அல்ல.

வலது, இடது இரண்டும் உள்ள உறுப்பு என்றால், அறுவை சிகிச்சை செய்யும் இடத்தில் மார்க்கர் பேனாவால் குறியிட வேண்டும். நோயாளி மயங்குவதற்கு முன், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இது நடக்க வேண்டும். “எந்தக் கால் டாக்டர்?” என்று கேட்டு, அவர் சொல்வதும் நோயாளி சொல்வதும் ஸ்கேன் அறிக்கை சொல்வதும் ஒன்றா என்று பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் 19 அம்சங்கள் கொண்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளி வெளியேறும் முன் என்று மூன்று இடங்களில் நின்று, பெயர், அறுவை செய்யும் இடம், ஒவ்வாமை, பயன்படுத்திய துணிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்கும் முறை அது. டெல்லி உள்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் செய்து பார்த்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்தன. புதிய கருவியோ மருந்தோ இல்லாமல், ஒரு தாளை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்ததில் கிடைத்த பலன் இது. “தியேட்டர்ல அந்த செக்லிஸ்ட் பார்ப்பீங்கதானே டாக்டர்?” என்று தயங்காமல் கேட்கலாம்.

பொய்ப்பல், நகை, நகப்பூச்சு ஆகியவற்றை அகற்றுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவிக்கு நகப்பூச்சு தடையாகும்.

ரத்தம் ஏற்றும்போது

பையில் உள்ள ரத்த வகை, பை எண், நோயாளியின் பெயர், காலாவதித் தேதி ஆகியவற்றைப் படுக்கையருகே இருவர் சேர்ந்து சரிபார்க்க வேண்டும். முதல் 15 நிமிடம் நீங்கள் எங்கும் நகராதீர்கள். குளிர் நடுக்கம், முதுகுவலி, அரிப்பு, மூச்சுத் திணறல், சிறுநீர் கறுத்துப்போதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் ஒரு நிமிடம்கூடக் காத்திராமல் செவிலியரை அழைத்து ஏற்றுவதை நிறுத்தச் சொல்லுங்கள்.

பணி மாறும் நேரமும் ரவுண்ட்ஸும்

செவிலியர் பணி மாறும் வேளைகள் எவை என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த வேளைகளில் படுக்கையருகே இருங்கள். புதிதாக வந்தவரிடம் இரண்டு வாக்கியம் போதும்: “வணக்கம் சிஸ்டர், இவருக்குப் பென்சிலின் ஆகாது. மதியத்திலிருந்து தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.” துணை இருப்பவர்கள் மாறும்போதும் இதே ஆபத்து உண்டு. பகலில் அக்கா, இரவில் தம்பி என்று இருந்தால் வாசலில் சாவி கொடுப்பதுபோல நோட்டைக் கொடுத்துவிட்டுப் போகாமல், ஐந்து நிமிடம் உட்கார்ந்து பக்கத்தைப் படித்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.

பெரிய மருத்துவர் ரவுண்ட்ஸ் வரும்போது உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடங்கள். பெரியப்பா, மாமா, சித்தப்பா என்று ஐந்து பேர் ஐந்து கேள்வி கேட்டால் ஐந்து பாதி பதில்கள்தான் கிடைக்கும். குடும்பத்தின் சார்பில் பேசுபவர் ஒருவர் என்று முடிவு செய்து, மூன்று கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதில் கிடைத்ததும், “அப்படின்னா இன்னைக்கு சாயங்காலம் ஸ்கேன், அதுவரைக்கும் சாப்பாடு கிடையாது, சரிதானே டாக்டர்?” என்று திருப்பிச் சொல்லுங்கள். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

பரிசோதனை முடிவுகளையும் துரத்த வேண்டும். “ஒண்ணும் சொல்லலையே, அப்ப நல்லாத்தான் இருக்கும்” என்று நாமே முடிவு கட்டிக்கொள்வது ஆபத்து. முடிவு வந்து கோப்பில் செருகப்பட்டு, யாரும் பார்க்காமலேயே இருக்கக் கூடும். எடுத்த ஒவ்வொரு பரிசோதனைக்கும் நோட்டில் ஒரு வரி, முடிவு தெரிந்ததும் அந்த வரியில் ஒரு டிக்.

“இவர் வழக்கமாக இப்படி இருக்க மாட்டார்”

கருவிகள் காட்டுவதற்கு முன்பே குடும்பத்தாருக்குத் தெரிந்துவிடும் மாற்றங்கள் உண்டு. பேச்சில் தடுமாற்றம், புதிய குழப்பம், வேகமான மூச்சு, சில்லிட்ட வியர்த்த தோல், சிறுநீர் குறைந்துபோதல், எழுப்பினாலும் முழுதாக விழிக்காமை. இவற்றைப் பார்த்தால் “கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கார்” என்று பொதுவாகச் சொல்லாமல், “காலையில என் பேரைச் சொன்னார், இப்ப என்னை அடையாளம் தெரியல, மூச்சு வேகமா வாங்குறார்” என்று எப்போதிலிருந்து என்ன மாறியது என்பதைச் சொல்லுங்கள். செவிலியரிடம் சொல்லியும் யாரும் வரவில்லை என்றால் டியூட்டி டாக்டர், அவரும் வராவிட்டால் சிகிச்சை அளிக்கும் தலைமை மருத்துவர், அரசு மருத்துவமனையில் என்றால் நிலைய மருத்துவ அலுவலர் என்று படிப்படியாக மேலே போங்கள். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில், குடும்பத்தாரே நேரடியாக வேறொரு அவசரக் குழுவை அழைத்து நோயாளியைப் பார்க்கச் சொல்லும் முறை 2024 முதல் நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது. நம் ஊரில் அப்படி ஓர் எண் இல்லாத இடத்தில், யாரை அழைப்பது என்பதை முதல் நாளே கேட்டு நோட்டின் அட்டையில் எழுதி வைத்திருப்பதுதான் அதற்கு ஈடு. குரலை உயர்த்துவதால் பயன் இல்லை. எதிரே நிற்பவர் உங்களைச் சமாளிக்கத் தொடங்கிவிடுவார், நோயாளியைப் பார்க்க மாட்டார்.

டிஸ்சார்ஜ் நாள்

எல்லாரும் அசந்துவிடும் நாள் இது. காப்பீட்டு ஒப்புதல், பில், வண்டி என்று ஓடிக்கொண்டிருக்கும்போது கையில் திணிக்கப்படும் டிஸ்சார்ஜ் சம்மரியை வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பையில் போட்டுவிடுவோம். அப்படிச் செய்யாதீர்கள். சேர்க்கும்போது நோட்டில் எழுதிய பழைய மருந்துப் பட்டியலை எடுத்து, புதிய பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பழைய மாத்திரைக்கும் “இது தொடரணுமா, நிறுத்தணுமா, அளவு மாறுதா?” என்று கேட்டு எழுதுங்கள்.

இதைச் செய்யாததால் எங்கள் வீட்டில் நடந்தது இது: அப்பா ஊர் திரும்பிய மூன்றாம் நாள், பழைய டப்பாவிலிருந்த ரத்த அழுத்த மாத்திரையையும், சம்மரியில் வேறு பிராண்டு பெயரில் எழுதியிருந்த அதே மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட்டு, குளியலறை வாசலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். டோலோ, கால்பால், குரோசின் ஆகியவற்றுக்குள் இருப்பது பாரசிட்டமால்தான். பல சளி மாத்திரைகளிலும் அது உண்டு. பெரியவர்களுக்கு எல்லாம் சேர்த்தே ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் இன்னும் குறைவு. பழைய டப்பாவைத் தேவையில்லாத மாத்திரைகள் இல்லாமல் சுத்தம் செய்த பிறகே புதியதை அதில் வையுங்கள்.

இன்னும் வராத பரிசோதனை முடிவு, குறிப்பாகத் திசுப் பரிசோதனை முடிவு ஏதாவது உண்டா, அதை யாரிடம் எப்போது வாங்குவது, எந்த அறிகுறி தெரிந்தால் உடனே திரும்பி வர வேண்டும், இரவில் யாரை அழைப்பது, தையல் எப்போது பிரிப்பது ஆகியவற்றைப் பில் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

தவறு நேர்ந்துவிட்டால்

முதலில் நோயாளியின் உடல்நிலை. அதைச் சரிசெய்ய இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். மோசமான முடிவு எல்லாமே தவறினால் வந்ததல்ல. முயன்றும் கைமீறிப் போகும் நோய்கள் உண்டு. அதைப் பிரித்தறிய உங்களுக்குத் தேவை பதிவுகள். கை ஓங்குவது யாருக்கும் பயன் தராது; மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்மீது நடவடிக்கை எடுக்கத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டமே இருக்கிறது.

நோட்டிலுள்ள தேதியும் நேரமும் அழியாமல் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கட்டணம் வாங்கும் மருத்துவமனைகளின் சேவை நுகர்வோர் சட்டத்தின்கீழ் வரும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்கள் அதில் சேரா. நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டு வரம்பு உண்டு. மருத்துவரின் நடத்தை பற்றிய புகாரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும், அரசு மருத்துவமனை பற்றிய புகாரை 104 எண்ணிலும் தெரிவிக்கலாம்.

பதிவுகளை வாய்மொழியாகக் கேட்டுவிட்டு அலையாதீர்கள். கேஸ் ஷீட், செவிலியர் குறிப்புகள், மருந்து கொடுத்த அட்டவணை, அறுவை சிகிச்சைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, ஆய்வக அறிக்கைகள், ஒப்புதல் படிவம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விண்ணப்பம் எழுதுங்கள். வெறும் ‘ரிப்போர்ட் வேண்டும்’ என்று எழுதினால் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். விண்ணப்பத்தை இரண்டு படியாக எடுத்துச் சென்று, ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் பெற்றுக்கொண்ட தேதி, நேரம், கையெழுத்து, முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.